பயிற்சியாளர் ஒரு விளையாட்டு வீரருக்கு உண்மையில் எதைத் தருகிறார்?

2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், எடைப்பயிற்சியில் ஓரளவு பழக்கமுள்ள 20 ஆண்களை இரு குழுக்களாகப் பிரித்து, 12 வாரங்களுக்கு ஒரே அட்டவணையைக் கொடுத்தார்கள். எந்த நாளில் எந்தப் பயிற்சி, எத்தனை சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை முறை என்பதெல்லாம் இரு குழுவினருக்கும் பொதுவாகவே இருந்தன. ஒரு குழுவினர் பயிற்சி செய்யும்போது அருகிலேயே நின்று கவனிக்க ஒரு பயிற்சியாளர் இருந்தார். மற்றவர்கள் அதே அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு தாங்களாகவே செய்தார்கள். 12 வாரங்கள் முடிந்தபோது, கவனிக்கப்பட்டவர்கள் ஸ்குவாட்டிலும் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுதல்) பெஞ்ச் பிரஸ்ஸிலும் (படுத்தபடி எடையை மேலே தள்ளுதல்) மற்றவர்களைவிடத் தெளிவாக அதிக எடையைத் தூக்கினார்கள். வாரத்துக்கு வாரம் அவர்கள் எடையைக் கூட்டிய வேகமும் அதிகமாக இருந்தது. மற்றவர்களும் சோம்பி இருந்துவிடவில்லை. எடையைக் கூட்டலாம் என்று துணிய வேண்டிய இடத்தில் அவர்கள் சற்றுத் தயங்கிவிட்டார்கள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இது சிறிய ஆய்வுதான். ஆனால் பயிற்சியாளரின் மதிப்பு எது என்ற கேள்வியை இது சரியான இடத்தில் நிறுத்துகிறது. பயிற்சி அட்டவணைகள் இன்று எல்லோருக்கும் கிடைக்கின்றன. உலகச் சாதனையாளர்கள் என்ன ஓடுகிறார்கள், என்ன உண்கிறார்கள், எப்போது உறங்குகிறார்கள் என்பது வரை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. தகவலைத் தருவதுதான் பயிற்சியாளரின் வேலை என்றால் அந்த வேலை எப்போதோ தீர்ந்துபோயிருக்க வேண்டும். தீராமல் இருப்பதற்குக் காரணம், ஒரு வீரர் தன் உடலையும் ஆட்டத்தையும் பற்றித் தானே செய்யும் மதிப்பீடு சில குறிப்பிட்ட இடங்களில், திரும்பத் திரும்ப, ஒரே திசையில் பிழையாகிறது. அந்தப் பிழைகளை வெளியிலிருந்து பார்த்துத் திருத்துவதும், பிறகு அந்தப் பார்வையையே மெல்ல மெல்ல வீரரிடம் ஒப்படைப்பதும்தான் பயிற்சியாளரின் பணியில் மிகுந்த பயன் தரும் பகுதி என்பது இக்கட்டுரையின் கருத்து.

முதலில் பயிற்சியின் கடுமையை எடுத்துக்கொள்வோம். பயிற்சி முடிந்ததும், அது எவ்வளவு கடினமாக இருந்தது என்று வீரரையே 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொல்லும் எளிய முறையைப் பரவலாக்கியவர் கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர். அவரும் அவருடைய குழுவினரும் 2001-இல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். ஒவ்வொரு நாளும் பயிற்சி எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்று பயிற்சியாளர் திட்டமிட்டார், அது எவ்வளவு கடினமாக இருந்ததாக வீரர் உணர்ந்தார் என்பதை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, இலேசாக இருக்க வேண்டிய நாள்களில் வீரர்கள் தேவைக்கு மேல் உழைத்திருந்தார்கள். கடுமையாக இருக்க வேண்டிய நாள்களில் எதிர்பார்த்த அளவுக்கு உழைக்கவில்லை. எல்லா நாள்களும் நடுத்தரக் கடுமைக்கு வந்து சேர்ந்துவிட்டன.

உடலின் வளர்ச்சி இப்படி நடுவில் நின்றுவிடுவதை ஏற்பதில்லை. கடும் உழைப்பு தசைகளுக்கும் இதயத்துக்கும் நரம்பு மண்டலத்துக்கும் ஒரு தேவையை உண்டாக்குகிறது. அந்தத் தேவைக்கு ஏற்ப உடல் தன்னை மாற்றிக்கொள்வது ஓய்வில்தான். இலேசான நாளில் ஆர்வமிகுதியால் கூடுதலாக ஓடியவர் மறுநாள் கடும் பயிற்சிக்கு வரும்போது களைத்திருக்கிறார். அதனால் அங்கே வேகம் குறைகிறது. குறைந்த வேகத்தைப் பார்த்துக் கவலைப்பட்டு அடுத்த இலேசான நாளில் மறுபடியும் கூடுதலாக ஓடுகிறார். அக்கறையுள்ள வீரர்கள்தான் இந்தச் சுழலில் அதிகம் சிக்குகிறார்கள். சோம்பலை எவரும் கண்டுபிடித்துவிடலாம். அளவுக்கு மீறிய உழைப்பை அடையாளம் கண்டு, ‘இன்று போதும், நிறுத்திக்கொள்’ என்று சொல்வதற்கு வெளியில் இருந்து ஒருவர் வேண்டும்.

பெரிய போட்டிக்கு முந்தைய வாரங்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். போட்டிக்குமுன் பயிற்சியைக் குறைப்பது பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2007-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, சுமார் 2 வாரங்களுக்குப் பயிற்சியின் மொத்த அளவை 41 முதல் 60 விழுக்காடு வரை குறைத்து, வேகத்தையும் வாராந்தரப் பயிற்சிகளின் எண்ணிக்கையையும் அப்படியே வைத்திருப்பதுதான் அதிகப் பலன் தருகிறது என்று கண்டது. வாழ்நாளின் மிக முக்கியமான பந்தயத்துக்கு 10 நாள் இருக்கும்போது பாதி வேலையைக் கைவிடுவது ஒரு வீரருக்கு எவ்வளவு அச்சமூட்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த எண்ணிக்கையை அறிந்திருப்பதும் அதைக் கடைப்பிடிப்பதும் வெவ்வேறு என்பது விளங்கும். அந்த அச்சத்தைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொள்வது பயிற்சியாளரின் வேலை.

இனி நுட்பத்துக்கு வருவோம். பயிற்சியாளரின் கைத்திறன் அதிகம் வெளிப்படும் இடம் இதுதான். பழகிப்போன அசைவு, அது பிழையானதாக இருந்தாலும், செய்பவருக்குச் சரியானதாகவே தோன்றும். நீரை இழுக்கும்போது முழங்கை கீழே சரியும் நீச்சல் வீரரிடம் அதைச் சொன்னால் அவர் உண்மையாகவே வியப்படைவார். தன் முழங்கை உயரமாக இருப்பதாகவே அவர் உணர்ந்துகொண்டிருப்பார். சரியான நிலைக்கு அவர் கையைக் கொண்டுவந்தால் அது கோணலாகத் தெரியும். இந்த நிலையில் பிழையைக் கண்டுபிடிப்பது முதல் படி மட்டுமே. கைப்பேசியில் எடுத்த காணொளியே அந்த வேலையைச் செய்துவிடும். எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது, எப்போது சொல்லாமல் இருப்பது என்பதில்தான் ஒரு பயிற்சியாளருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது.

இதை நேரில் எண்ணிப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டங்களை வென்ற யுசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியப் பல்கலைக்கழகம்) அணியின் பயிற்சியாளர் ஜான் வுடன், தம் கடைசிப் பருவமான 1974–75-இல் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தபோது, ரோனால்ட் காலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரு உளவியலாளர்கள் பக்கவாட்டில் அமர்ந்து அவர் சொன்னதையும் செய்ததையும் குறித்துக்கொண்டார்கள். 2,326 செயல்கள் பதிவாயின. வெற்றிகரமான பயிற்சியாளர் என்றால் உணர்ச்சி பொங்கப் பேசுபவர், தட்டிக்கொடுப்பவர் அல்லது வறுத்தெடுப்பவர் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். வுடனின் செயல்களில் பாராட்டு 6.9 விழுக்காடுதான், வெறும் கண்டிப்பும் ஏறத்தாழ அதே அளவு. சரிபாதியளவு நேரடியான அறிவுறுத்தல்: இந்த நேரத்தில் இந்த இடத்துக்கு நகர், பந்தை இப்படிப் பிடி, இப்படி விடு. பிழையைக் கண்டால் அவர் பல வேளைகளில் முதலில் சரியான அசைவைச் செய்து காட்டுவார், பிறகு வீரர் செய்த பிழையைக் காட்டுவார், மறுபடியும் சரியானதைக் காட்டுவார். இவ்வளவும் சில நொடிகளுக்குள் முடிந்து ஆட்டம் தொடரும். புதிதாக வந்த வீரர்களுக்கு அவருடைய முதல் பாடம் காலுறையையும் காலணியையும் கொப்புளம் வராதபடி அணிவது எப்படி என்பதாகவே இருந்தது. புகழ்பெற்ற உரைகளைவிட இந்தச் சலிப்பூட்டும் விவரங்களே அவருடைய முறையை அதிகம் விளக்குகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

சொல்லும் வாக்கியம் எங்கே கவனத்தைத் திருப்புகிறது என்பதும் முக்கியம். காப்ரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1998-இல் பனிச்சறுக்கு அசைவைப் பழகுவதற்கான ஒரு கருவியில் புதியவர்களை ஏற்றினார்கள். காலால் கொடுக்கும் விசையில் கவனம் வைக்குமாறு ஒரு சாராருக்குச் சொல்லப்பட்டது. காலுக்குக் கீழே இருந்த சக்கரங்களின்மீது கொடுக்கும் விசையில் கவனம் வைக்குமாறு மற்றவர்களுக்குச் சொல்லப்பட்டது. இரண்டும் ஏறத்தாழ ஒரே இடம்தான்; ஆனாலும் தன் உடலுக்கு வெளியே, அசைவின் விளைவில் கவனம் வைத்தவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். பின்னர் பல விளையாட்டுகளில் இதே போக்கு காணப்பட்டது. ‘முழங்காலை நீட்டு’ என்பதைவிட ‘தரையைப் பின்னால் தள்ளு’ என்பது ஓட்டக்காரருக்கு உதவுகிறது. உடலின் ஒவ்வொரு மூட்டையும் மனத்தால் இயக்க முயலும்போது தானாக நடக்க வேண்டியவை தடுமாறுவதே காரணம் என்பது வுல்ஃபின் விளக்கம்.

அளவுக்கு மீறி விளக்குவதன் விலை நெருக்கடி நேரத்தில்தான் தெரியவரும். 1992-இல் ரிச் மாஸ்டர்ஸ் நடத்திய சோதனையில், கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தள்ளும் அசைவை ஒரு குழுவினர் விரிவான விதிமுறைகளோடு கற்றுக்கொண்டார்கள். இன்னொரு குழுவினர் பந்தைத் தள்ளும்போதே எழுத்துகளைத் தாறுமாறான வரிசையில் உரக்கச் சொல்ல வேண்டியிருந்ததால், அவர்கள் விதி எதையும் சொற்களாக்கிக்கொள்ள வழியில்லை. பணமும் மதிப்பீடும் சேர்ந்து அழுத்தம் கூட்டப்பட்டபோது, விதிகளை மனத்தில் வைத்திருந்தவர்களின் முன்னேற்றம் நின்றுபோனது. சொற்கள் இல்லாமல் கற்றவர்கள் தொடர்ந்து மேம்பட்டார்கள். அஞ்சும்போது மனம் விதிகளைத் தேடிப் போகிறது. தேடுவதற்கு விதிகள் குவிந்து கிடந்தால், நடப்பதை எண்ணி எண்ணி நடப்பவர்போல வீரர் தடுக்கி விழுகிறார். எல்லாவற்றையும் விளக்கிவிடும் பயிற்சியாளர் தம் அறிவை நிறுவிவிடுகிறார்; அந்த அறிவு வீரருக்குப் பாரமாக மாறலாம்.

ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் திருத்தம் சொல்வதும் இதே வகையான தீங்குதான். 1984-இல் சல்மோனி, ஷ்மிட், வால்ட்டர் ஆகிய மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்து, இடைவிடாத பின்னூட்டம் பயிற்சியின்போது ஆட்டத்தைத் தூக்கிக் காட்டினாலும், அது நிறுத்தப்பட்டதும் கற்றது கரைந்துபோகிறது என்ற கருத்தை முன்வைத்தார்கள். தன் பிழையைத் தானே உணரும் திறன் வளர இடம் கிடைக்காமல் போவதே இதற்குக் காரணம். பெரும்பாலான விளையாட்டுகளில் போட்டி தொடங்கியதும் பயிற்சியாளர் எல்லைக்கோட்டுக்கு அப்பால் நிற்கப் போகிறவர். ஆகவே, ஒரு முயற்சி முடிந்ததும் அமைதியாக இருந்து, சற்றுப் பொறுத்து, ‘அது எப்படி இருந்தது?’ என்று கேட்டு, வீரரின் விடையையும் காணொளியையும் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் முறை மெதுவானதாகத் தோன்றினாலும் பயன் தருகிறது.

வீரர்களை அவர்கள் போக்கிலேயே விட்டால் பயிற்சியை எப்படி அமைத்துக்கொள்வார்கள் என்பதை வைத்தும் பயிற்சியாளரின் தேவையை அளக்கலாம். 1994-இல் கல்லூரிப் பேஸ்பால் மட்டையாளர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், வாரம் இருமுறை, 6 வாரங்களுக்கு, ஒவ்வொரு முறையும் 45 பந்துகள் வீசப்பட்டன. ஒரு குழுவுக்கு வேகப்பந்து 15, வளைபந்து 15, வேகம் மாற்றிய பந்து 15 என்று வகைவகையாக. மற்றொரு குழுவுக்கு மூன்றும் கலந்து, அடுத்து எது வரும் என்று தெரியாமல். இறுதிச் சோதனையில், அதுவும் போட்டியைப் போலவே பந்துகள் கலந்து வந்தபோது, கலந்து பயின்றவர்களின் முன்னேற்றம் வகைவகையாகப் பயின்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல். தனியாகப் பயிற்சி செய்பவர் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் முதல் வகையைத்தான். 10-ஆவது பந்துக்குள் கை பழகி, அடி சரியாக விழத் தொடங்கி, மனநிறைவோடு வீடு திரும்பலாம். இரண்டாவது வகையில் அன்றைய ஆட்டம் மோசமாகத் தெரியும். நன்றாக ஆடியது போன்ற உணர்வும் நன்றாகக் கற்றுக்கொள்வதும் இங்கே எதிரெதிர்த் திசையில் போகின்றன. வீரரின் உணர்வை நம்பாமல் இருக்க வேண்டிய இடம் இது என்று அறிந்த ஒருவர், அந்த மோசமான நாள்களைத் தாங்கும்படி வீரரை வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

மனத்தின் தயாரிப்பையும் இதிலிருந்து பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் குதித்தவுடன் அவருடைய கண்ணாடிக்குள் நீர் புகத் தொடங்கியது. கடைசி நீளத்தில் சுவரே தெரியவில்லை. தன் கைவீச்சுகளை எண்ணிக்கொண்டு அவர் சுவரைத் தொட்டபோது 1 நிமிடம் 52.03 நொடி, உலகச் சாதனை. 11 வயதிலிருந்து அவருக்குப் பயிற்சி அளித்த பாப் போமன், பயிற்சிக் காலத்தில் இத்தகைய இடையூறுகளைத் திட்டமிட்டே உண்டாக்கியவர். ஒருமுறை ஒரு போட்டிக்குமுன் அவருடைய கண்ணாடியை வேண்டுமென்றே மிதித்து உடைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பெய்ஜிங்கில் நடந்ததை மனவலிமை என்று மட்டும் சொல்லிவிடலாம். ஆனால் கண் தெரியாமல் நீந்தும் அந்த நிலைமை ஏற்கெனவே பழகியதாக இருந்தது என்பதே அந்த வலிமையின் உள்ளடக்கம்.

அதே பெய்ஜிங்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற அபினவ் பிந்த்ரா, நான்கு ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸில் தகுதிச் சுற்றில் 3-ஆவதாக வந்தும் இறுதிச் சுற்றில் 7-ஆவது இடத்துக்குத் தள்ளப்பட்டவர். பெய்ஜிங்குக்கு முன்பு அவர் ஜெர்மனியில் 40 அடி உயரமான கம்பம் ஒன்றில் ஏறி, உச்சியில் நின்று நடுங்கியதைப் பின்னர் விவரித்திருக்கிறார். துப்பாக்கி சுடுதலுக்கும் கம்பம் ஏறுதலுக்கும் நுட்ப அளவில் எந்தத் தொடர்பும் இல்லை. உடல் முழுவதும் அச்சம் பரவியிருக்கும்போது அடுத்த அசைவை மட்டும் சரியாகச் செய்வது என்ற ஒன்றுக்காகத்தான் அது. கடைசிக் குண்டுக்கு முன்பு புள்ளிகளில் சமநிலையில் இருந்த பிந்த்ரா அந்தக் குண்டில் 10.8 எடுத்தார். கம்பம்தான் தங்கத்தைத் தந்தது என்று சொன்னால் அது மிகைதான். அதற்குப் பின்னால் காபி பியூல்மான், ஹைன்ஸ் ராய்ன்கெமையர் ஆகியோரின் பல ஆண்டுகள் நீண்ட பயிற்சி இருந்தது.

கால்பந்தில் பெனால்ட்டி உதைகளைக் குலுக்கல் சீட்டு என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். உலகக் கோப்பையில் 1990, 1998, 2006 என மூன்று முறையும் இங்கிலாந்து அப்படித்தான் வெளியேறியது. 2018-இல் கொலம்பியாவை எதிர்கொள்ளும் முன்பு அந்த அணி அதைப் பயிற்சிக்குரிய ஒன்றாக எடுத்துக்கொண்டது. யார் உதைப்பது என்பது முன்பே முடிவாகியிருந்தது, நடுவரின் ஊதல் கேட்டதும் அவசரப்படாமல் நேரம் எடுத்துக்கொள்வது பழக்கப்பட்டிருந்தது, உளவியலாளர் பிப்பா கிரேஞ்ச் அணியுடன் இருந்தார். உலகக் கோப்பையில் முதல்முறையாக இங்கிலாந்து பெனால்ட்டியில் வென்றது. மூன்று ஆண்டுகள் கழித்து, ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், அதே மேலாளரின் கீழ் இத்தாலியிடம் பெனால்ட்டியில் தோற்றது. தயாரிப்பு வாய்ப்பின் விகிதத்தை மாற்றுகிறது. முடிவை அது எழுதிவைப்பதில்லை. வெற்றிக்குப் பிறகு மட்டும் பயிற்சியாளரைக் கொண்டாடுவதும் தோல்விக்குப் பிறகு மட்டும் பதவிநீக்குவதும் இந்தக் காரணத்தாலேயே தவறான கணக்கு.

கிரிக்கெட், ஹாக்கி, சதுரங்கம் என்று வெவ்வேறு களங்களில் ஒரே மனவலிமைப் பயிற்சியாளரால் பணியாற்ற முடிவதும் கவனிக்கத்தக்கது. 2011-இல் உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியுடன் இருந்த பாடி அப்டன், 2024 டிசம்பரில் 18 வயதில் உலகச் சதுரங்கச் சாம்பியனான குகேஷுடனும் பணியாற்றினார். முதல் ஆட்டத்திலேயே அப்போதைய சாம்பியன் டிங் லிரெனிடம் தோற்ற குகேஷ், 14 ஆட்டங்களின் முடிவில் 7.5–6.5 என்று வென்றார். காய் நகர்த்தல்களைப் பற்றி அப்டன் அவருக்குக் கற்றுக்கொடுக்க எதுவும் இருந்திருக்காது. அதற்கு வேறு ஆள்கள் இருந்தார்கள். தோல்வி நாளின் இரவை எப்படிக் கழிப்பது, எண்ணம் சிதறும்போது எதற்குத் திரும்புவது போன்றவை ஆட்டத்தின் அறிவைவிட வேறான துறை. இன்றைய உயர்நிலை விளையாட்டில் அதற்குத் தனி ஆள் தேவைப்படுகிறார்.

இவ்வளவும் நடப்பதற்கு அடிப்படை, வீரர் தன் நிலைமையை மறைக்காமல் சொல்ல முடிவது. வலிக்கிறது, பயமாக இருக்கிறது, நேற்று உறங்கவில்லை என்று சொன்னால் அணியிலிருந்து நீக்கப்படுவோம் என்று அஞ்சும் வீரர் பொய்தான் சொல்வார். பொய்யான தகவலின்மேல் எந்தத் திட்டமும் நிற்காது. பயிற்சியாளர்–வீரர் உறவை நீண்டகாலம் ஆராய்ந்த சோஃபியா ஜோவெட், நெருக்கம், பற்றுறுதி, ஒருவரையொருவர் நிறைவு செய்தல் என்ற மூன்றை அந்த உறவின் கூறுகளாகக் காண்கிறார். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில், காற்றில் சுழலும்போது தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வை இழந்ததால் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் அணி இறுதிப் போட்டியின் நடுவே விலகினார். அந்த நிலையில் தொடர்ந்து குதிப்பது கழுத்தையே முறித்துவிடக்கூடும். அவரை வற்புறுத்தாத பயிற்சியாளர்களான சேசில், லோரான் லாண்டி இணையரின் கீழ் அவர் 2024-இல் பாரிஸில் 3 தங்கமும் 1 வெள்ளியும் வென்றார்.

குழந்தைகளின் விளையாட்டில் இதன் விளைவு பெரியது, ஆனால் பதக்கப் பட்டியலில் தெரியாது. சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களுக்குப் பருவம் தொடங்கும் முன்பு சில மணி நேரம் மட்டும், முயற்சியைப் பாராட்டுவது, பிழைக்குப் பின் ஊக்கத்தோடு திருத்துவது, அவமானப்படுத்தாமல் இருப்பது போன்றவற்றைக் கற்றுத்தந்து பார்த்த ஓர் ஆய்வு 1992-இல் வெளியானது. அப்படிக் கற்ற பயிற்சியாளர்களிடம் இருந்த சிறுவர்களில் அடுத்த ஆண்டு விளையாட வராதவர்கள் 5 விழுக்காடு. மற்றப் பயிற்சியாளர்களிடம் 26 விழுக்காடு. இரு தரப்பு அணிகளின் வெற்றி–தோல்விக் கணக்கில் வேறுபாடு இல்லை. வெற்றியை மட்டும் அளந்திருந்தால் அந்தப் பயிற்சியால் பயனே இல்லை என்று முடிவுகட்டியிருப்பார்கள்.

எதிர்த்தரப்பு வாதங்களும் வலுவானவை. திறமையான வீரர்கள் பெயர்பெற்ற பயிற்சியாளரைத் தேடிப் போகிறார்கள். அவர்கள் வெல்லும்போது அவருடைய பெயர் மேலும் வளர்கிறது. இதில் எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம். நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டை இதற்கு விதிவிலக்காகச் சொல்லலாம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே பிற்பகலில் 800 மீட்டரில் பீட்டர் ஸ்னெல்லும் 5,000 மீட்டரில் மர்ரே ஹால்பர்க்கும் தங்கம் வென்றார்கள்; மாரத்தானில் பாரி மகீ வெண்கலம் பெற்றார். மூவரும் ஆக்லாந்தில் லிடியார்டிடம் பயின்றவர்கள். சிறிய வட்டத்திலிருந்து மூன்று பதக்கம் எழும்போது, தேர்வின் அதிர்ஷ்டம் என்று மட்டும் அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் லிடியார்டுகள் அரிது.

பிரிட்டிஷ் மிதிவண்டி அணியின் கதை எதிர்ப்பக்கம் நிற்கிறது. 2008 ஒலிம்பிக்கில் களப்பாதைப் போட்டிகள் பத்தில் ஏழு தங்கம், 2012 ஒலிம்பிக்கில் மறுபடியும் ஏழு. அணியின் அப்போதைய செயல்திறன் இயக்குநர் டேவ் பிரெயில்ஸ்ஃபோர்டின் சிறுசிறு முன்னேற்றங்களைத் திரட்டும் கொள்கைதான் காரணம் என்று சொல்லி, வீரருக்கு ஏற்ற தலையணை, சரியாகக் கைகழுவும் முறை போன்ற சிறு மாற்றங்களை மேலாண்மைச் சொற்பொழிவுகளில் விவரிக்கிறார்கள். 1997 முதல் தேசிய லாட்டரிப் பணம் பிரிட்டனின் உயர்நிலை விளையாட்டுக்குள் பாயத் தொடங்கியது அந்தச் சொற்பொழிவுகளில் அவ்வளவாக இடம்பெறுவதில்லை. பணம், ஆய்வகம், முழுநேர வீரர்கள் ஆகிய எல்லாம் சேர்ந்த விளைவைத் தனியொருவரின் கொள்கைக்குக் காணிக்கையாக்குவது எளிது. அதை நம்புவதும் எளிது.

பயிற்சியின் வரம்பையும் சேர்த்தே எண்ண வேண்டும். நோக்கத்தோடு செய்யும் பயிற்சிக்கும் விளையாட்டுத் திறனுக்கும் உள்ள தொடர்பை 2016-இல் மக்னமாராவும் சகாக்களும் பல ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது, வீரர்களிடையே காணும் திறன் வேறுபாட்டில் 18 விழுக்காட்டையே பயிற்சியின் மொத்த அளவு விளக்கியது. உச்சநிலை வீரர்களுக்குள் மட்டும் பார்த்தால் 1 விழுக்காடு. அந்த உயரத்தில் எல்லோரும் மிகுதியாகப் பயின்றவர்கள் என்பதால் மணிநேரங்களைக் கூட்டுவது அங்கே வேறுபாட்டை உண்டாக்குவதில்லை. எதை விடுவது, எப்போது ஓய்வது, எந்த ஒரு பிழையை இந்தப் பருவத்தில் திருத்துவது என்ற தெரிவுகளே அங்கு மிஞ்சுகின்றன.

இதைவிடக் கடுமையான எச்சரிக்கை அதிகாரத்தைப் பற்றியது. தன் உடலைப் பற்றிய தீர்ப்பை இன்னொருவரிடம் ஒப்படைக்கும் வீரர், அவர் தவறானவராக இருந்தால் அதற்கான விலையையும் தன் உடலாலேயே கொடுக்கிறார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 நொடியில் ஓடி, ஊக்கமருந்து சோதனையில் சிக்கித் தங்கத்தை இழந்த பென் ஜான்சனின் பயிற்சியாளர் சார்லி ஃபிரான்சிஸ், மறு ஆண்டு கனடாவில் நடந்த விசாரணையில் தம் வீரர்களின் ஊக்கமருந்துப் பயன்பாட்டில் தமக்கிருந்த பங்கை ஒப்புக்கொண்டார். வேக ஓட்ட நுட்பத்தில் அவருடைய அறிவை இன்றும் மதிப்பவர்கள் உண்டு; அறிவும் நம்பகத்தன்மையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. உடல் எடையைப் பற்றிய இடைவிடாத ஏளனம், காயத்தோடு ஆட வைத்தல், பாலியல் அத்துமீறல் ஆகியவை பல நாடுகளின் விசாரணைகளில் வெளிவந்த பிறகே, வீரர்கள் முறையிடுவதற்குப் பயிற்சியாளரைச் சாராத தனி வழி வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்டது.

கைக்கடிகாரங்களும் சக்திமானிகளும் (வீரர் செலுத்தும் ஆற்றலை அளக்கும் கருவிகள்) காணொளிச் செயலிகளும் பயிற்சியாளரின் கண்பார்வையில் ஒரு பகுதியை இன்று மலிவாகத் தருகின்றன. இதயத்துடிப்பு கூடியிருப்பதைக் கருவி சொல்லும். அது நோயின் தொடக்கமா, தேர்வுப் பதற்றமா, வெயிலா என்பதை வீரரை அறிந்தவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார். அதே நேரத்தில், அடிப்படைகளைக் கற்ற, போட்டியில் பெரிய இலக்கு எதுவும் இல்லாத ஒருவருக்கு முழுநேரப் பயிற்சியாளர் தேவையில்லை. மாதம் ஒருமுறை தன் ஆட்டத்தைத் தேர்ந்த ஒருவரிடம் காட்டினால் போதுமானதாக இருக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கும், காயத்திலிருந்து திரும்புபவருக்கும், உச்சத்தை நெருங்கி நின்றுபோனவருக்கும்தான் தேவை அதிகம்.

ஒரு பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பவர் அவருடைய வெற்றியாளர் பட்டியலைக் கேட்பதோடு, அவரிடம் தொடங்கியவர்களில் எத்தனை பேர் இன்னும் விளையாடுகிறார்கள், ஓர் ஆண்டில் எத்தனை நாள் காயத்தால் வீணாகிறது, அவரிடம் பயின்ற வீரர்கள் தங்கள் பயிற்சியின் காரணத்தைத் தாங்களே விளக்கக்கூடியவர்களா என்பவற்றையும் கேட்கலாம். நுட்பத்தை மாற்றும்போதும் கலப்புப் பயிற்சிக்கு மாறும்போதும் முதல் சில மாதங்களில் ஆட்டம் பின்னடைவது வழக்கம். அந்தப் பின்னடைவைத் தோல்வி என்று எண்ணி வீரரும் பெற்றோரும் அணி நிர்வாகமும் பாதியில் ஆளை மாற்றிவிட்டால், பழையதும் போய்ப் புதியதும் வராத நிலையே மிஞ்சும். ஆகையால் எதை அளப்போம், எத்தனை மாதம் கழித்து அளப்போம், எந்த அறிகுறி தென்பட்டால் திட்டத்தைக் கைவிடுவோம் என்று இரு தரப்பும் தொடக்கத்திலேயே பேசி எழுதி வைத்துக்கொள்வது நல்லது.